பி.ஹெச்.சி.யா, கேஷுவாலிட்டியா, ஜிப்மரா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு

"மாமியாருக்கு மூணு நாளா காய்ச்சல், பக்கத்துல இருக்குற பி.ஹெச்.சி.யே போதுமா, நேரா ஜிப்மர் போயிடலாமா?" "அப்பாவோட சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஜி.ஹெச். கேஷுவாலிட்டியில கேட்டா குடுப்பாங்களா?" "பாப்பாவுக்கு வயித்தால போகுது, நர்சிங் ஹோம்ல உடனே ட்ரிப்ஸ் போடுறாங்க, பி.ஹெச்.சி.ல பொடி மட்டும் குடுக்குறாங்க, எது சரி?"

இந்த மாதிரிக் கேள்விகள் மஞ்சக்குப்பத்திலிருந்தும் வருகின்றன, பாகூரிலிருந்தும் வருகின்றன. கேட்கிறவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நம் பகுதியில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் இல்லாததுதான் குழப்பத்துக்கே காரணம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர்தான். அதற்குள் ஆரம்ப சுகாதார நிலையம் (பி.ஹெச்.சி.), மாவட்டத் தலைமை மருத்துவமனை (ஜி.ஹெச்.), தனியார் மருத்துவக் கல்லூரிகள், மத்திய அரசின் ஜிப்மர், தெருவுக்குத் தெரு கிளினிக் எல்லாம் வந்துவிடுகின்றன, அதோடு ஒரு மாநில எல்லையும் குறுக்கே ஓடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாகக் காட்டுவதற்கு வீட்டுப் பக்கத்தில் ஓர் இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிற குடும்பத்துக்கு ராத்திரி ஓட்டம் குறைவு, அப்படியே ஓட வேண்டி வந்தாலும் எதற்காக ஓடுகிறோம் என்று அவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். ஆகவே பி.ஹெச்.சி.யா கேஷுவாலிட்டியா என்பதை ஒன்றுக்கு எதிராக இன்னொன்று என்று பார்க்காதீர்கள். முதலாவது ஒழுங்காக நடந்தால் இரண்டாவதின் தேவை குறையும். முதலாவது வசப்படாத ஆட்கள் இரண்டாவதில் வந்து நிற்பார்கள்.

ஒப்பீட்டுக்கு முன்னால், ஒப்பிட்டுக்கொண்டு நிற்கவே கூடாத நேரங்கள்: நெஞ்சின் நடுவில் அழுத்தமும் கூடவே வியர்வையும், திடீரென்று முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது, பேச்சு குழறுவது, மூச்சு வாங்கி ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாமல் போவது, நினைவு தப்புவது, வலிப்பு, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது கடும் தலைவலியோடு கண் மங்கல், குழந்தை பால்கூடக் குடிக்காமல் துவண்டு கிடப்பது. இவற்றில் எது வந்தாலும் 108.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது: நிமிடக் கணக்கா, மணிக் கணக்கா, நாள் கணக்கா. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆறு மாதமாக இருக்கும் முட்டிவலிக்கு இன்றைக்குப் போனாலும் அடுத்த வாரம் போனாலும் ஒன்றுதான். இரண்டாவது, நீங்கள் போகிற நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா. மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது.

நான்காவது, வெளியே தெரியாத செலவு. சீட்டு இலவசம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. நாள் கூலி, ஆட்டோ, துணைக்கு வருகிறவரின் கூலி, வெளியே எழுதிக் கொடுக்கும் டெஸ்ட், வெளிச்சாப்பாடு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவதைத்தான் பெரும்பாலானவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கே உங்களைத் தெரிந்தவர் யார்? போன மாதம் பிரஷர் எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் யாருக்கு டி.பி. இருந்தது என்பதெல்லாம் ஓர் இடத்தில் பதிந்து இருந்தால் அடுத்த முறை பார்க்கிற டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

## ஆரம்ப சுகாதார நிலையம்

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதற்கும் வைத்திருக்கிற கணக்கு. நடைமுறையில் கூட்டிக் குறைந்தாலும், உங்கள் ஊரையும் தெருவையும் தெரிந்த நர்ஸ் ஒருவர் அங்கே இருப்பார் என்பது பெரிய விஷயம். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, புண்ணுக்குக் கட்டு, சுகர், பிரஷர், கர்ப்பகாலப் பரிசோதனை, தடுப்பூசி, டி.பி. சந்தேகத்துக்குச் சளிப் பரிசோதனை, நாய்க்கடி ஊசி இதெல்லாம் அங்கேயே நடக்கிற வேலைகள்.

"எல்லாத்துக்கும் அதே வெள்ளை மாத்திரை" என்று ஒரு பேச்சு உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பி.ஹெச்.சி.க்கும் அங்கிருந்துதான் வருகிறது, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் அங்கிருந்துதான் வருகிறது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினும் கம்பெனிப் பெயரோடு பளபளப்பான அட்டையில் விற்பதும் அதே மருந்துதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சுகர், பிரஷர் கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மேலே மூன்று பேரில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கேட்டவர், அப்பாவின் பெயரை அதில் பதிந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. புதுச்சேரி தனி அரசு என்பதால் இந்தத் திட்டம் அங்கே கிடையாது, அங்கே இருப்பவர்கள் தங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் போய் வாங்க வேண்டும்.

வெளியே தெரியாத செலவு என்ன? பணம் இல்லை, பகல்தான். ஓ.பி. நடப்பது பெரும்பாலும் காலையிலும் பகலிலும். பண்ருட்டியில் முந்திரி உடைக்கப் போகிறவருக்கும் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவருக்கும் அந்த நேரம் போனால் அன்றைய கூலி போனது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: டாக்டர் முகாமுக்கோ மீட்டிங்குக்கோ போயிருக்கும் நாட்கள் வரும், சில டெஸ்டுக்கு நாளைக்கு வா என்பார்கள். இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தவர் மூன்றாவது முறை நேராக ஜி.ஹெச். போகிறார் என்றால் அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது.

இது யாருக்கு நல்லது: மாதாமாதம் மாத்திரை வேண்டியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை இருக்கிற வீடு, அப்புறம் நாள் கணக்கில் பொறுக்கக்கூடிய எந்தத் தொந்தரவும்.

## ஜி.ஹெச். கேஷுவாலிட்டி

கடலூர் என்றால் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் இருக்கிற, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் எல்லைப்பிள்ளைச்சாவடி.

ராத்திரி இரண்டு மணிக்கும் கதவு திறந்திருக்கிறது, யாரும் டோக்கன் கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை, ஆக்சிஜன், இ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. உயிர் போகிற விஷயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் மனக்கசப்பு பாதி குறையும். அங்கே வரிசை, வந்த நேரத்தை வைத்து இல்லை, ஆபத்தை வைத்து. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உடனே பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் என்பவர் சிவப்பு, கொஞ்ச நேரம் தாங்குவார் என்பவர் மஞ்சள், நடந்து வந்து நின்று பேசுகிறவர் பச்சை. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூட்டிப் போகிறார்கள் என்றால் அவர் உங்களைவிட மோசமாக இருக்கிறார் என்று அர்த்தம், சிபாரிசு என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள்.

டியூட்டி டாக்டரின் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த ஆளுக்கு இன்று ராத்திரி ஏதாவது ஆகிவிடுமா? ஆகாது என்று தெரிந்தால் ஓர் ஊசி, இரண்டு நாள் மாத்திரை, "காலையில ஓ.பி.க்கு வாங்க." அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று இல்லை, அந்த இடத்தின் வேலையே அதுதான். ஐந்து வருட சுகரை உட்கார்ந்து சரிசெய்ய அங்கே நேரமும் இல்லை, உங்கள் பழைய கணக்கும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்தக் காலை ஓ.பி.க்கு முக்கால்வாசிப் பேர் போவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலி விட்டதும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், மாத்திரை தீர்ந்து மறுபடி தலை சுற்றும்போது மறுபடி கேஷுவாலிட்டி. ஒவ்வொரு முறையும் புது டாக்டர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை.

"சளி இருமல்னு வர்றவங்களாலதான் கேஷுவாலிட்டி நெரியுது" என்பதை நான் ஏற்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு நெரிசலை வெளிநாடுகளில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அட்மிஷன் போட்டும் மேலே வார்டில் கட்டில் காலியாகாததால் கீழேயே கிடக்கிற நோயாளிகள்தான் நெரிசலுக்குப் பெரிய காரணம் என்று பல இடங்களில் தெரியவந்திருக்கிறது. சளிக்கு வந்தவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவரைப் பார்க்க ஐந்து நிமிடம். அதனால் நீங்கள் போகவே கூடாது என்று யாரையும் கூச்சப்பட வைக்க இதை எழுதவில்லை. ராத்திரி சந்தேகமாக இருந்தால் போங்கள். நீங்களே நோயைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

பணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் 2008-ல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள், விண்ணப்பித்தவர்கள் அவ்வளவு பேர். காப்பீடு கிடைத்தால் பக்கத்து டாக்டரிடம் போவார்கள், எமர்ஜென்சி பக்கம் போவது குறையும் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் அடுத்த ஒன்றரை வருடத்தில் காப்பீடு கிடைத்தவர்கள் எமர்ஜென்சிக்குப் போனது சுமார் 40 சதவீதம் கூடியது. டாக்டரிடம் போனதும் கூடத்தான் செய்தது. நம் ஊரில் பி.ஹெச்.சி.யும் இலவசம், கேஷுவாலிட்டியும் இலவசம், ஆகவே ஆளை இங்கேயும் அங்கேயும் இழுப்பது விலை இல்லை. கதவு எந்த நேரத்தில் திறந்திருக்கிறது, உள்ளே போனால் காரியம் முடியுமா என்ற நம்பிக்கை, இந்த இரண்டும்தான். சாயந்திர ஓ.பி. கூடுதலாக நடந்தால் எத்தனையோ ராத்திரி ஓட்டம் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், கிராமசபையில் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

வெளியே தெரியாத செலவு: ராத்திரி ஆட்டோ, துணைக்கு வந்த இரண்டு பேரின் மறுநாள் வேலை, பழைய சீட்டு இல்லாததால் மறுபடி எடுக்கிற அதே டெஸ்ட், கைக்குழந்தையை இருமுகிற கூட்டத்துக்கு நடுவே மூன்று மணி நேரம் வைத்திருப்பது.

## ஜிப்மர்

கோரிமேட்டு ஜிப்மர்மேல் நம் பகுதி வைத்திருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 2008-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. இதயம், மூளை, சிறுநீரகம், புற்றுநோய் என்று மற்ற இடங்களில் கைவிரிக்கிற நோய்களுக்குக் கடலூர், விழுப்புரம் மட்டுமில்லாமல் இன்னும் தூரத்திலிருந்தும் வருகிறார்கள்.

அதனாலேயே சாதாரணக் காய்ச்சலுக்கு அங்கே போவது உங்களுக்குத்தான் நஷ்டம். விடியற்காலை பஸ் பிடித்து, பதிவு வரிசையில் நின்று, சரியான பிரிவைத் தேடி, டெஸ்டுக்கு வேறொரு கட்டடம் போய், முடிவுக்கு இன்னொரு நாள் வந்து, கடைசியில் கிடைக்கிற மாத்திரை உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இருக்கிற அதே மாத்திரையாக இருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவிலும் தூர ஊர்களிலிருந்து ரெஃபர் ஆகி வந்த கடுமையான கேஸ்கள்தான் முதலில் பார்க்கப்படும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஜிப்மருக்கே குருசுக்குப்பத்தில் ஒரு நகர்ப்புற சுகாதார மையமும் புதுச்சேரியைச் சேர்ந்த ராமநாதபுரத்தில் ஒரு கிராமப்புற சுகாதார மையமும் உண்டு. அந்தப் பக்கம் வீடு இருக்கிறவர்கள் சுகர், பிரஷருக்குக் கோரிமேடு வரை போக வேண்டியதில்லை.

இது யாருக்கு நல்லது: பி.ஹெச்.சி. அல்லது ஜி.ஹெச். டாக்டர் எழுதிக் கொடுத்த ரெஃபரல் சீட்டு கையில் இருப்பவர்கள், ஏற்கெனவே அங்கே பெரிய சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்கள், அப்புறம் பக்கத்திலேயே வீடு இருந்து பெரிய அவசரம் வந்தவர்கள்.

## தனியார் கிளினிக்கும் நர்சிங் ஹோமும்

சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கிறார்கள். வேலை விட்டு வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அரசு மருத்துவமனைதான் சிறந்தது என்று எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தையே இருபது வருடமாகப் பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், நான் சொன்ன ஐந்தாவது அளவுகோலில் அவர்தான் முதலிடம். அவரை விட்டுவிடாதீர்கள்.

கவனிக்க வேண்டியது செலவின் போக்கை. தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் அது அட்மிஷன் போட்டுச் செய்கிற சிகிச்சைகளுக்கு. சாதாரண ஓ.பி. ஃபீஸும் மாதாந்திர மாத்திரையும் உங்கள் பையிலிருந்துதான். அட்டை இருக்கிறதே என்று தைரியமாகத் தனியாரில் சுகருக்குக் காட்ட ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் ஆறாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் பிறகு பக்கவாதம் வந்து கேஷுவாலிட்டியில் இறங்குகிறார்கள். இடையில் நிறுத்துவதற்குப் பதில் பி.ஹெச்.சி.க்கு மாறிவிடுங்கள், பழைய சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

ட்ரிப்ஸ் விஷயத்துக்கு வருவோம். குழந்தை விழித்திருக்கிறது, குடிக்கிறது, வாந்தி ஓயாமல் இல்லை என்றால் அந்த ஓ.ஆர்.எஸ். பொடிதான் சரியான வைத்தியம், கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. குடிக்க முடியாமல் கண் குழிவிழுந்து துவண்டால்தான் ட்ரிப்ஸ். ஊசி குத்தியதால் அது பெரிய வைத்தியம் ஆகிவிடாது.

விபத்து என்றால் தனியார், அரசு என்று யோசிக்க வேண்டாம். அடிபட்டவருக்கு முதலுதவி கொடுப்பது எந்த டாக்டருக்கும் கடமை, போலீஸ் கேஸ் என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

## மெடிக்கல் கடை

தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இதற்குப் போங்கள். "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கலர் கலராக வாங்கி விழுங்குவது வேண்டாம். அந்தக் காகிதப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று பிறகு எந்த டாக்டர் கேட்டாலும் உங்களால் சொல்ல முடியாது.

## ஒரே பார்வையில்

| | பி.ஹெச்.சி. | ஜி.ஹெச். கேஷுவாலிட்டி | ஜிப்மர் | தனியார் கிளினிக் |
|---|---|---|---|---|
| எந்த அவசரத்துக்கு | நாள் கணக்கு | நிமிடம், மணிக் கணக்கு | ரெஃபர் ஆன கடும் நோய், பக்கத்தில் இருந்தால் பெரிய அவசரமும் | நாள் கணக்கு |
| நேரம் | பெரும்பாலும் பகல் | எப்போதும் | ஓ.பி. காலையில், அவசரம் எப்போதும் | சாயந்திரமும் உண்டு |
| மறைவான செலவு | ஒரு நாள் கூலி | ராத்திரி வண்டி, திரும்பத் திரும்ப டெஸ்ட் | முழு நாள், பஸ், சாப்பாடு, மறுபடி வருவது | ஃபீஸ், மாதாந்திர மாத்திரை |
| உங்களைத் தெரிந்தவர் | நர்ஸும் டாக்டரும் | யாரும் இல்லை | அந்தப் பிரிவின் கோப்பு | குடும்ப டாக்டர் என்றால் அவர் |

## முடிவெடுக்கக் கஷ்டமான இடங்கள்

அட்டவணையில் அடங்காதவைதான் வீட்டில் நிஜமாக நடக்கின்றன.

காய்ச்சல். முதல் இரண்டு நாள் பி.ஹெச்.சி.தான். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளுக்கு மேல்தான் அதிகம் வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் உடனே ஜி.ஹெச்.

இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ். நம் பகுதியில் மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம் பார்க்கிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு மாதிரி இடங்களில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. சந்தேகப்பட்டால் டாக்ஸிசைக்ளின் என்கிற விலை மலிவான மாத்திரை, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். கவனிக்காமல் பத்து நாள் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் வென்டிலேட்டர் வைக்கிற நிலைமை வரலாம். பி.ஹெச்.சி.க்கும் ஐ.சி.யூ.வுக்கும் இடையில் இருக்கிற உறவை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற நோய் வேறில்லை. அதனால் காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது வெட்கப்படாமல் உடம்பைப் பார்த்துவிட்டு, பொருக்கு இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

"வாயு." நெஞ்சைப் பிடித்தால் சோடா, ஓம வாட்டர், பெருங்காயம் என்று ராத்திரியைக் கடத்துவது நம் வீடுகளில் சகஜம். நாற்பது வயதுக்கு மேல், சுகர் அல்லது பிரஷர் இருந்து, அல்லது பீடி சிகரெட் பழக்கம் இருந்து, நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வியர்வையோ வந்தால் அது வாயுவா இல்லையா என்பதை இ.சி.ஜி. சொல்லட்டும். சுகர் இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் களைப்புமாக வரலாம். தூரத்துக் கிராமத்தில் இருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, பி.ஹெச்.சி. பக்கத்திலேயே திறந்திருந்தால் அங்கே முதலில் போவதில் தப்பில்லை. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே கொடுப்பதற்கு 14 மாத்திரைகள் அங்கே வைத்திருக்கிறார்கள். அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நீங்களாகக் கொடுக்க வேண்டாம், பார்த்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.

பாம்புக்கடி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், ஆகவே எந்தப் பாம்பு என்று தேடிப் பிடிப்பதில் நேரத்தை விடாதீர்கள். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சு குழறுவது என்று வரும். தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாமல் இமை தொங்கினால் பாம்பை நினையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் தூக்கிப் போங்கள். பி.ஹெச்.சி.களிலும் இந்த மருந்தை வைக்கத் தமிழக அரசு ஏற்பாடு செய்திருக்கிறது, ஆனால் மூச்சு நின்றால் குழாய் வைக்கிற வசதி பெரிய ஆஸ்பத்திரியில்தான். பகலில் பி.ஹெச்.சி. ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்தால் அங்கே போய் மருந்தை ஆரம்பித்துவிட்டு ரெஃபர் ஆகலாம், இல்லாவிட்டால் நேராக ஜி.ஹெச்.

நாய்க்கடி. இதில் முதல் வைத்தியம் உங்கள் வீட்டுக் குழாயடியில்தான்: சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. அப்புறம் பி.ஹெச்.சி.யில் ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள். காயம் ஆழமாக, ரத்தம் வரும்படி இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும், அது எல்லா பி.ஹெச்.சி.யிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஜி.ஹெச். போங்கள். மீதி ஊசிகளுக்கு மறுபடி பி.ஹெச்.சி.யே போதும்.

கால் புண். சுகர் இருப்பவருக்கு முள் குத்தியது தெரியாது, வலி இருக்காது. வலிக்கவில்லையே என்று ஒரு வாரம் விட்டால் விரலோடு போகும். சின்னப் புண்ணுக்கு அன்றைக்கே பி.ஹெச்.சி. கறுத்துப்போய் நாற்றம், காய்ச்சல் என்றால் ஜி.ஹெச்.

## கேஷுவாலிட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு

எல்லோரும் எங்கே போவது என்று கேட்கிறார்கள், திரும்பி வந்த பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேஷுவாலிட்டியில் கொடுத்த சீட்டையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் உங்கள் பி.ஹெச்.சி.க்கோ குடும்ப டாக்டரிடமோ போங்கள். அங்கே ஆரம்பித்த மாத்திரையைத் தொடர வேண்டுமா, அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். கேஷுவாலிட்டியில் பிரஷர் அதிகம் என்று சொல்லியிருந்தால் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பயத்திலும் வலியிலும் ஏறியதா, உண்மையிலேயே இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் கடைசி சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் (அட்டையை அப்படியே போட்டோ எடுத்து வைத்தாலும் சரி), எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை இவை இருக்கட்டும். ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும்.

108-ஐக் கூப்பிடும்போது எல்லையோரத்தில் இருக்கிறவர்கள், கிருமாம்பாக்கம், முள்ளோடை, ரெட்டிச்சாவடி பக்கம் மாதிரி, ஊர்ப் பெயரோடு கடலூர் மாவட்டமா புதுச்சேரியா என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பக்கத்தில் தெரிகிற கோயிலோ பஸ் நிறுத்தமோ, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா. போனை வைத்துவிடாதீர்கள், டிரைவர் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவார். தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள், ராத்திரி என்றால் கையில் டார்ச்சோடு.